மசாயோவின் இருபத்திரண்டு பெட்டிகள்

"வலது பக்கம்னுதான் எழுதியிருக்கு. நான் என்ன பண்றது?"

"எழுதினதை அப்படியே ஒப்பிக்க நீங்க என்ன ஒண்ணாங்கிளாஸா? இடது பக்கம்னு சொன்னா வாய் கோணிக்குமா?"

"ஒரு எழுத்து மாறினாலும் தலைவர் தாஜிரி சான் காதுக்குப் போயிடும்."

"போகட்டுமே. பொண்டாட்டி வெச்ச பூவைக் காட்டினான்னு யாரையும் தூக்குல போட்டதில்லை."

கத்சுமி சமையலறை நடுவில் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இல்லாத படகை இல்லாத தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தான். மசாயோ அடுப்பை அணைத்துவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டு போய்க் கிண்ணங்களை எடுத்தாள். ஒரு மாதமாக அந்த வீட்டில் யாரும் நேராக நடக்கவில்லை. எங்கே போனாலும் அவன் படகு குறுக்கே நின்றது.

கத்சுமிக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தெட்டு வருடம் கடற்பாசி காயவைக்கும் ஆலையில் இயந்திரத்தின் முன்னால் நின்றவன். ஒரு நாள் காலையில், இனிமேல் வெயிலில் நிற்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஊர்க் கால்வாயில் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுக் குழுவில் சேர்ந்தான். படகைக் கழியால் தள்ளி ஓட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினான். மார்ச் முதல் ஞாயிறு, கால்வாய் திறக்கும் நாளில், ஊர்வலத்தின் முதல் படகை ஓட்டும் வேலை புதியவனுக்குத்தான் என்பது அந்தக் குழுவின் வழக்கம். அன்றைக்குத் தடுமாறாமல் கரை சேர்ந்தால் அவன் படகோட்டி. ஏதாவது இசகுபிசகானால் அடுத்த திறப்பு நாள்வரை படகுகளின் அடியைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். போன வருடம் முதல் படகை ஓட்டிய புதியவனின் வீட்டுக் கொடியிலிருந்து போர்வை ஒன்று பறந்து வந்து கால்வாயை மறித்தது. மறித்தது போர்வைதான் என்றாலும் தேய்த்தது அவன். இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

குழுவின் தலைவர் தாஜிரி, படகோட்டிகள் சொல்ல வேண்டிய பேச்சு முழுவதையும் பதினாறு வருடத்துக்கு முன்னால் தன் கையால் எழுதி வைத்திருந்தார். எந்தப் பாலத்தில் குனியச் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் பாட வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. பெரிய வளைவுக்கு வரும்போது சொல்ல வேண்டிய வரி இது: "அன்பான பயணிகளே, வளைவுக்கு வலப்புறம் பாருங்கள். வசந்தம் முதன்முதலில் வந்து இறங்கும் படித்துறை இதுதான்."

வளைவுக்கு வலப்புறம் இருப்பது தாஜிரியின் வீடு. அந்தப் படித்துறையில் வசந்தத்தை இறக்கி வைப்பது அவர் மனைவி நோபுயே. ஒரே அளவுத் தொட்டிகள், ஒரே இடைவெளி, முதல் வரிசை மஞ்சள், இரண்டாவது வெள்ளை, மூன்றாவது ஊதா. பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகள்போல அவளுடைய பேன்சிச் செடிகள் நிற்கும். காற்றடித்தால்கூட அவை அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஆடும் என்று மசாயோ சொல்வாள்.

இடப்புறம் இருப்பது மசாயோவின் வீடு. அவள் தோட்டத்துக்கு வரிசை தெரியாது. விதை விழுந்த இடத்தில் செடி, செடி சாய்ந்த பக்கம் பூ. டெய்சிக்கு நடுவில் அனிமோன் தலை நீட்டும், அதன் தோளில் பட்டாணிப்பூ கை போட்டுக்கொள்ளும், கடுகுப்பூ கேட்பாரில்லாமல் எல்லா இடத்திலும் புகுந்து மஞ்சள் பூசும். பிப்ரவரி முழுக்க அவள் விரல் நகங்களில் மண் இருக்கும். அதிகாலையில் பல் துலக்கும் முன்பே கதவைத் திறந்துகொண்டு போய், நேற்று மொட்டாக இருந்தது இன்று என்ன செய்கிறது என்று குனிந்து பார்ப்பாள். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே குளிர்காலம் வருகிறது என்று அவளுக்குத் தோன்றும்.

ஆனால் படகு வரும். படகோட்டி வலப்புறம் என்பான். இருபது தலைகளும் ஒரே சமயத்தில் வலப்புறம் திரும்பும். மசாயோ தன் பூக்களுக்கு நடுவில், கையில் பூவாளியோடு, சிரித்த முகமாக நிற்பாள். பதினாறு வசந்தங்களாக அவள் பார்த்ததெல்லாம் பிடரிகள். மெலிந்த பிடரி, மடிப்பு விழுந்த பிடரி, சால்வை சுற்றிய பிடரி. பிடரியை வைத்து ஆளைச் சொல்லும் போட்டி எங்காவது நடந்தால் தனக்குத்தான் முதல் பரிசு என்று கத்சுமியிடம் ஒரு முறை சொன்னாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இப்போது முதல் படகை ஓட்டப்போகிறவன் அவள் புருஷன். அவனும் வலப்புறம் என்றுதான் சொல்லப்போகிறான்.

"வளைவுல ரெண்டு கையும் கழியில இருக்கும், கவனம் முழுக்க தண்ணியில இருக்கும். மனப்பாடம் பண்ணினது தானா வாயில வந்தாத்தான் உண்டு. அந்த நேரத்துல புதுசா யோசிக்கச் சொன்னா படகைச் சுவத்துல முட்டிடுவேன் மசாயோ" என்று சொல்லிவிட்டுக் கத்சுமி துடைப்பத்தைச் சாத்தி வைத்தான். அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சரி, வாயால் சொல்ல வேண்டாம். சொல்லாமலே திரும்புகிற மாதிரி செய்கிறேன் என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டினாள்.

வருடா வருடம் பிப்ரவரி நடுவில் மேல் மதகை அடைத்துக் கால்வாயை வற்ற விடுவார்கள். பத்து நாள் ஊர் முழுக்க முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி, அவரவர் வீட்டுக்கு முன்னால் சேர்ந்த சேற்றை அள்ளும். கெட்டிக்காரர்கள் சேற்றைக் காயவைத்துச் செடிக்குப் போடுவார்கள். சோம்பேறிகள் யாரும் பார்க்காதபோது வளைவுப் பக்கம் தள்ளிவிட்டுக் கை கழுவுவார்கள். மசாயோ கெட்டிக்காரி. இந்த முறை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அள்ளினாள். இலை மக்கோடு கலந்தாள். மீன் கடையில் மிஞ்சிய தெர்மாகோல் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தாள். இருபத்திரண்டு பெட்டிகள். தண்ணீர் வடிய ஒவ்வொன்றின் அடியிலும் நாலு ஓட்டை போடும்படி கத்சுமியிடம் சொன்னாள். அவன் பாலங்களின் பெயரை ஒப்பித்தபடியே தலையாட்டினான். மறுநாள் கேட்டபோதும் அதே தலையாட்டல்தான். அதை நம்பி, அடியைப் புரட்டிப் பார்க்காமலே அவள் மண்ணை நிரப்பிச் செடிகளை மாற்றி நட்டாள்.

அவள் வீட்டுப் படித்துறையில் பதினொரு கல்படிகள். மேலே இருப்பது வீடு, கீழே இருப்பது கால்வாயின் அடி. அத்தனை வருடமும் அவள் பூ வைத்தது மேல் கரையில், படகில் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே. இந்த முறை கண்ணுக்கு நேராக வைப்பது என்று தீர்மானித்தாள். மேலிருந்து நாலாவது, ஐந்தாவது, ஆறாவது படிகள். படகு உரசிக்கொண்டு போகும் உயரம். கை நீட்டினால் இதழ் தொடும். எவ்வளவு பெரிய தலைவர் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், மூக்குக்கு நேரே அனிமோன் நின்றால் மூக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்க்கலாம்.

பாசி படிந்த படியில் பெட்டி வைத்தால் வழுக்கும், பார்வைக்கும் எடுபடாது. அதனால் முழங்காலிட்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால், இரண்டு நாள் படிகளைத் தேய்த்தாள். பச்சைப் பாசி, கறுப்புப் பாசி, காலகாலமாகத் தண்ணீர் வந்து நின்ற இடத்தில் இருந்த கோடு, எல்லாம் போயிற்று. கல் புதுசாகப் பளிச்சிட்டது. பிறகு மதகைத் திறந்தார்கள், தண்ணீர் ஏறியது, ஏழாவது படியை மூடி நின்றது. அவள் ஆறாவது படியில் தொடங்கி நாலாவது படிவரை பெட்டிகளை அடுக்கினாள். கத்சுமி வந்து பார்த்து, நல்லா இருக்கு என்றான். பாலங்களின் வரிசை இப்போது அவனுக்குத் தலைகீழாகவும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயிலோடு விடிந்தது. மேல் துறையில் ஊர் கூடியிருந்தது. கத்சுமி நீலச் சட்டையும் கூம்புத் தொப்பியுமாகப் படகின் பின்முனையில் நின்றான். தொப்பிக்குக் கீழே முகம் வேகவைத்த இறால் நிறத்தில் இருந்தது. படகில் நகரசபைக்காரர்கள், பக்கத்து ஊர் மருத்துவர் குடும்பம், ஃபுகுவோகாவிலிருந்து வந்த பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி, எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் அமர்ந்திருந்தார்கள். தாஜிரி அங்கே இல்லை. அவர் எப்போதும் கீழ்த்துறையில்தான் காத்திருப்பார், வந்து சேர்கிறவனின் முகத்தைப் பார்ப்பதற்கு.

பூசாரி தண்ணீரில் சாகே மதுவை ஊற்றினார். எல்லோரும் கைகூப்பித் தலை குனிந்தார்கள். மசாயோவும் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர், மதகுக்காரரும் அவர் மைத்துனரும், வேண்டுதலுக்கு நடுவிலேயே குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேல் பலகையை ஆறு மணிக்கே சொருகிவிட்டேன், தண்ணீர் இந்நேரம் ஒரு முழம் ஏறியிருக்கும், இருபது பேரை ஏற்றினாலும் படகு தரை தட்டாது என்று மதகுக்காரர் பெருமையாகச் சொன்னார்.

மேல் பலகை.

திறப்பு நாள் காலையில் கீழ் மதகில் கூடுதலாக ஒரு பலகை சொருகுவார்கள் என்பது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். மசாயோவுக்கும் தெரியும். பதினாறு வருடமாக மேல் கரையில் பூ வைத்தவளுக்கு அது நினைவில் இருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அவ்வளவுதான். ஞாபகப்படுத்தியிருக்க வேண்டிய கோடு கல்லில் இருந்தது. அதைத்தான் அவளே தேய்த்துக் கழுவியிருந்தாள்.

கூப்பிய கையைப் பிரிக்காமலே அவள் கூட்டத்திலிருந்து பின்வாங்கினாள். சைக்கிளை எடுத்தாள்.

மெத்தைக் கடைச் சந்து வழியாக வீட்டுக்கு ஏழு நிமிடம். அன்றைக்கு அவள் நாலு நிமிடத்தில் வந்தாள். வழியெல்லாம் ஒரே நம்பிக்கைதான்: ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கும், பெட்டிகள் கனத்துப்போய் அதே படிகளில் உட்கார்ந்திருக்கும். பின்வாசலைத் திறந்து பார்த்தாள். மூன்றாவது படிக்குக் கீழே வெறும் தண்ணீர். வளைவின் நடுவில், வெயிலில் மினுமினுத்துக்கொண்டு, இருபத்திரண்டு பெட்டிகளும் மிதந்துகொண்டிருந்தன. அனிமோன்களும் டெய்சிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வட்டமடித்து, உல்லாசமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெட்டியில்கூட ஓட்டை இல்லை. இருபத்தெட்டு வருடம் இயந்திரத்தோடு வாழ்ந்த மனுஷனுக்கு நாலு ஓட்டை போட வரவில்லை.

எதிர்க்கரையில் நோபுயே நின்றுகொண்டிருந்தாள். விருந்தாளிகளுக்காகக் கட்டிய நல்ல கிமோனோ, அதன்மேல் ரப்பர் ஏப்ரன், கையில் துணி காயப்போடும் மூங்கில் கழி. கழியின் நுனியில் இன்னும் கிளிப் மாட்டிய இரண்டு காலுறைகள் தொங்கின.

"ஏம்மா மசாயோ, பெட்டியில 'கணவாய்'னு எழுதியிருக்கு, 'சாளை'னு எழுதியிருக்கு. இது உன் வீட்டுதா, மீன் கடைக்காரன் வீட்டுதா?"

"என்னுதுதான், நோபுயே சான். மன்னிச்சிடுங்க. படகு கிளம்பிடுச்சு."

"யாரு முதல் படகு?"

கேட்டுவிட்டு நோபுயேவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். போன வருடத்துப் போர்வைக்காரன் இன்னும் படகைத் தேய்க்கிறான் என்பதும் தெரியும், ஏனென்றால் அது அவள் புருஷன் போட்ட சட்டம்.

நோபுயே கிமோனோவைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு படி இறங்கிக் கழியை நீட்டினாள். மசாயோ பூட்ஸ்கூடப் போடாமல் இடுப்புவரை இறங்கினாள். தண்ணீர் பனிக்கட்டியாகக் குத்தியது. பக்கத்தில் வந்த பெட்டிகளைப் பிடித்துப் படியேற்றினாள். அந்தப் பக்கம் நோபுயே சமையல்காரி மீனைத் திருப்புவதுபோல நிதானமாக ஒவ்வொன்றாகத் தன் கரைக்கு இழுத்தாள். இழுத்ததை அவளால் அப்படியே விட முடியவில்லை, வரிசையாக அடுக்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து பத்துப் பெட்டிகளைக் கரையேற்றியிருப்பார்கள். அப்போது பாட்டு கேட்டது. சுருதி இடமும் வலமுமாக அலைந்துகொண்டு, கற்பாலத்துக்கு அடியிலிருந்து எதிரொலித்தது. மசாயோவுக்கு அந்தக் குரலைத் தெரியும். ஒரு மாதமாகக் குளியலறையில் கேட்ட குரல்.

படகு வளைவில் திரும்பியது.

"அன்பான பயணிகளே, வளைவுக்கு..." என்று கத்சுமி ஆரம்பித்தான். நின்றான். அவனுக்கு முன்னால் கால்வாய் இல்லை, பன்னிரண்டு பூப்பெட்டிகள் இருந்தன, தண்ணீருக்குள் அவன் மனைவி இருந்தாள். கையிலிருந்த கழி, ஊர்ச் சோம்பேறிகளெல்லாம் சேர்ந்து தள்ளிவிட்டிருந்த சேற்றுக்குள், முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. படகு முன்னால் போனது, கழி வரவில்லை. ஒரு கணம் அவன் இரண்டுக்கும் நடுவில் கொடியில் காயப்போட்ட சட்டைபோலத் தொங்கினான். பிறகு கழியை விட்டான். கழி தண்ணீருக்கு நடுவில் நெட்டுக்குத்தலாக, யாரையும் கண்டுகொள்ளாமல் நின்றது.

கழி இல்லாத படகு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, பூக்களுக்கு நடுவே மிதந்து போயிற்று. மருத்துவரின் மனைவி கை நீட்டி ஒரு பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நகரசபைக்காரர் ஒருவர், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இன்னொன்றை எடுத்தார். பத்திரிகைக்காரப் பெண் காமிராவைத் தூக்கியபடி, இது இந்த ஊர் வழக்கமா என்று கேட்டாள்.

கத்சுமி மனைவியைப் பார்த்தான். வெறும் கைகளைப் பார்த்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"ஆமாங்க. திறப்பு நாளைக்கு முதல் படகுக்கு மட்டும் பூ விடுவோம்" என்றான். தாஜிரி எழுதிய பேச்சில் அப்படி ஒரு வரி கிடையாது. அவன் மேலும் சொன்னான். "எந்தப் பக்கம் வேணும்னாலும் பாருங்க. எல்லாப் பக்கமும் நல்லாத்தான் இருக்கு."

இருபது தலைகளும் இருபது பக்கம் திரும்பின. படகு சுற்றிய சுற்றில் அவற்றில் பாதி மசாயோவின் பக்கம் வந்தன. முகங்கள். மூக்குகள், கண்ணாடிகள், ஆச்சரியத்தில் திறந்த வாய்கள். இடுப்புவரை தண்ணீரில், மார்போடு ஒரு கணவாய்ப் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து அவர்கள் கைதட்டினார்கள். அவளுக்குக் குளிர் மறந்துபோயிற்று.

"இந்தா, பிடி" என்று நோபுயேயின் குரல் கேட்டது. துணிக்கழி வலக்கரையிலிருந்து பறந்து வந்து கத்சுமியின் கையில் விழுந்தது. அவன் அதை ஊன்றினான். காலுறைகள் தண்ணீரைத் தொட்டு எழுந்து சொட்டின. படகு முணுமுணுத்துக்கொண்டே நேரானது. போகிற போக்கில் பத்திரிகைக்காரப் பெண் கரைப்பக்கமாகக் குனிந்து, யார் வளர்த்த பூக்கள் என்று கேட்டாள். பெயர் சொன்னால் படத்துக்குக் கீழே போடுவேன் என்றாள்.

மசாயோ வாயைத் திறந்தாள். பதினாறு வருடமாக அவள் காத்திருந்த கேள்வி அதுதான். பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் கீழ்த்துறையில் யார் காதில் விழும் என்பது அதே நொடியில் நினைவுக்கு வந்தது. பூ யார் பெயரில் வருகிறதோ, கால்வாயை மறித்த வீடும் அவர்களுடையதாகிவிடும்; பிறகு கத்சுமி ஒரு வருடம் படகு தேய்க்க வேண்டியதுதான். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதற்குள் படகு பிளம் மரத்தைத் தாண்டி மறைந்துவிட்டது. பாட்டு மறுபடி கேட்டது, இந்த முறை சுருதியில்.

அடுத்த படகு வர பத்து நிமிடம் இருந்தது. மிச்சப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, மசாயோ கால்வாயைக் கடந்து எதிர்ப் படித்துறையில் ஏறினாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. நோபுயே உள்ளே போய் ஒரு பெரிய துவாலையைக் கொண்டுவந்து அவள் தலையில் போட்டாள். போட்டுவிட்டு, தன் படியில் அடுக்கிய ஆறு பெட்டிகளின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். மஞ்சள், வெள்ளை, ஊதா வரிசைகளுக்கு நடுவில் அவை குடித்துவிட்டு வந்த உறவினர்களைப்போல இருந்தன. ஒரு சிவப்பு அனிமோனின் தலையை விரலால் நிமிர்த்திவிட்டாள். அது மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினாள்.

"இந்தச் சிவப்பு எப்படி வந்துது உனக்கு? எனக்கு வரவே மாட்டேங்குது."

போன இலையுதிர் காலத்தில் கிழங்கை ஊறவைத்த விதம், சேற்றில் கலந்த சாம்பல், பனிக்கு மூடிய பழைய செய்தித்தாள், எல்லாவற்றையும் மசாயோ துவாலைக்குள்ளிருந்தே சொன்னாள். நோபுயே கவனமாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் ஏப்ரன் பைக்குள் தொலைபேசி அடித்தது. எடுத்து, கையைத் தூர நீட்டிக் கண்ணைச் சுருக்கிப் பெயரைப் படித்தாள்.

"அவர்தான். கீழ்த்துறைக்குப் படகு போய்ச் சேர்ந்திருக்கும். என் கழியை அடையாளம் கண்டுபிடிச்சிருப்பார். அவரோட காலுறையையும்."

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. மசாயோ தண்ணீரைப் பார்த்தாள். அவளுடைய இடப்புறத்துப் படித்துறை இங்கிருந்து எப்படித் தெரியும் என்று அவள் பார்த்ததே இல்லை. கடுகுப்பூ கரையைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. அவள் துவாலையைத் தலையிலிருந்து இறக்கி, நாலாக மடித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நோபுயே சான், ஒரு உதவி. அந்தப் பூவெல்லாம் உங்களோடதுன்னு சொல்லிடுங்க. நீங்கதான் தண்ணியில விடச் சொன்னீங்கன்னு சொல்லிடுங்க."